வசவுக்கும் ஒரு மதிப்பெண்

பிப்ரவரி 9

தங்கைக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். உன் மகள் கல்யாணத்தில் கை நனைக்காமல் திரும்பி வந்ததிலிருந்து உனக்கு ஒரு வரி எழுதவில்லை, நீ போன் செய்தபோது எடுக்கவும் இல்லை. இதில் உன் அண்ணிக்குப் பங்கு கிடையாது. "கூடப் பொறந்தவகிட்ட என்ன ரோஷம் வேண்டிக் கெடக்கு?" என்று அவள் கேட்காத நாள் இல்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், விஷயம் நடுவில் காணாமல் போகும். அதனால்தான் கடிதம்.

எங்கள் துறையில் ஆய்வுப் பேராசிரியர் பதவி ஒன்று காலியாகியிருக்கிறது. அடுத்தது காலியாகும்போது எனக்கு ஓய்வு வயது தாண்டியிருக்கும். போன தடவை பதவி உயர்வு வந்தபோது உன் சூத்திரம் என்னை எங்கே வைத்தது என்று உனக்கு நினைவிருக்கும். தலைமை அலுவலகத்தில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து நீ எழுதிய சூத்திரம். கட்டுரைக்கு இவ்வளவு, அதைப் பிறர் காட்டும் மேற்கோளுக்கு இவ்வளவு என்று கூட்டிப் பெருக்கி, சொந்த அண்ணனைப் பட்டியலின் வாலில் கட்டித் தொங்கவிட்டாய். அதற்குப் பிறகு உன் வீட்டுச் சோறு எனக்கு எப்படி இறங்கும்?

இந்தத் தடவை விண்ணப்பித்திருப்பவர்கள் மூன்று பேர். ஒருவன் பிளேடு. ஒரு பரிசோதனையைச் செய்துவிட்டு அதை ஆறு கட்டுரையாக நறுக்குகிறவன். முதல் கட்டுரையில் களிமண்ணை எடுப்பான், இரண்டாவதில் நனைப்பான், மூன்றாவதில் அது நனைந்ததா என்று பார்ப்பான், ஆறாவதில் முந்தைய ஐந்தையும் மேற்கோள் காட்டுவான். பெயர் வைத்தது மாணவர்கள். அவர்களோடு நான் முழுமனதாக ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். இன்னொருத்தி என் எதிர் அறைக்காரி. ஒப்பந்தத்தில் இருப்பவள். ஒரு களிமண் கட்டியை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். ஒழுங்கான பெண்தான், ஆனால் போட்டியில் அவள் பெயர் ஒப்புக்கு. மூன்றாவது நான்.

களிமண் வழியாகத் தண்ணீர் என்ன வேகத்தில் கசிகிறது என்று அளந்து நான் எழுதிய கட்டுரையை நீ அறிவாய். குப்பைக் கிடங்குகளின் அழுக்கு நிலத்துக்குள் இறங்காமலிருக்க அடியில் களிமண் பரப்புகிறார்களே, அதற்கு ஆதாரமான எண் என்னுடையது. வெளிவந்த காலத்தில் கட்டுரை எழுதுகிறவர்கள் யாரும் சீண்டவில்லை. இப்போது வருஷத்துக்கு வருஷம் மேற்கோள் ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் உன் சூத்திரம் கடைசி ஐந்து வருஷக் கட்டுரைகளைத்தான் எண்ணும். என் ஆயுளின் நல்ல வேலை அதன் கண்ணில் படாது.

எண்களை நம்புகிறவன் இல்லை நான். எண்தான் பேசும் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால், என் எண்ணையும் பேச விடுங்கள். அந்த ஐந்து வருஷ வரம்பை எடுக்கச் சொல். நீ சொன்னால் தேர்வுக் குழு கேட்கும்.

அண்ணன்

*

பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணா,

உன் எழுத்தை உறையில் பார்த்ததும் நின்றபடியே பிரித்தேன். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளே திட்டு இருந்ததும் நிம்மதியானேன். எல்லோரும் சௌக்கியம்!

கல்யாணத்தில் நீ சாப்பிடாமல் போனதை நான் மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். பந்தியில் உனக்குப் போட்ட இலை காலியாகவே இருந்தது. உன் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர்தான் "வயிறு சரியில்லையாம்" என்று எல்லோரிடமும் சமாளித்தார். அத்தனை பேர் கேட்டும் மனுஷன் ஒரே பொய்யை மாற்றாமல் சொன்னார்.

சூத்திரத்தைப் பற்றிச் சொன்னாய். அது வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். துணைவேந்தர் வீட்டு வாசலில் யார் அதிகம் நின்றார்களோ அவர்களுக்குப் பதவி. நீ நிற்கவில்லை, உனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான், உன்னை மனதில் வைத்துக்கொண்டுதான், யாருடைய முகமும் பார்க்காத ஒரு கணக்கு வேண்டும் என்று உட்கார்ந்து எழுதினேன். அது முதலில் உன்னையே அடித்தது. இதை உன்னிடம் சொல்ல இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறேன். நீதான் போனை எடுக்கவில்லையே.

இனி விஷயம். அந்த வரம்பை எடுக்கச் சொல்லாதே, அண்ணா. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். ஏன் என்று என்னிடம் கேட்காதே, எனக்குச் சொல்லத் தைரியம் இல்லை. உன்னை மேற்கோள் காட்டியவர்களில் ஒரு பத்துப் பேரை எடுத்து நீயே படித்துப் பார். தலைப்பை இல்லை, உள்ளே.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

தங்கை

*

பிப்ரவரி 21

தங்கைக்கு,

உன் யோசனைக்கு நன்றி. அது வருவதற்கு முன்பே முறையீட்டைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். நீ உதவமாட்டாய் என்று உள்ளுக்குள் தெரியும்.

எழுதியதை உனக்கும் தெரிவிக்கிறேன், பின்னால் தெரியாது என்று சொல்லாதே. "உண்மையான ஆய்வு மண்ணுக்குள் இறங்கும் நீரைப் போன்றது, மேலே தெரிய நாளாகும். என் கட்டுரைக்குக் கிடைத்துவரும் மேற்கோள்கள், என்னைப் புறக்கணித்தவர்களுக்கு உலகம் சொல்லும் பதில்." இதை எழுதி முடித்ததும் நானே இரண்டு தடவை படித்துக்கொண்டேன். உன் அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்" என்றாள்.

என்னைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நானே உட்கார்ந்து படித்து மகிழ வேண்டும் என்கிறாய். அவ்வளவு அல்ப ஆசாமி இல்லை நான்.

அண்ணன்

*

மார்ச் 14

அண்ணா,

உன் முறையீட்டை ஏற்றுக்கொண்டார்கள். வரம்பை எடுத்துவிட்டார்கள். பட்டியலில் நீ முதல். இரண்டாவது பிளேடு. எதிர் அறைப் பெண் கடைசி. அவர் ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது, இந்தப் பதவி கிடைக்காவிட்டால் நீட்டிக்க இடமில்லை என்று கோப்பிலேயே எழுதியிருக்கிறது. இறுதி ஒப்புதல் ஏப்ரல் கூட்டத்தில். அதற்கு முன் உன்னிடம் சொல்லாவிட்டால் நான் உன் தங்கை இல்லை.

நீ அந்தக் களிமண்ணை அளப்பதற்கு முன்னால் ஓவனில் வைத்து உலர்த்தினாய். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், அது உன் குற்றமில்லை. ஆனால் சூட்டில் காய்ந்த களிமண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றனவாம். மறுபடி நனைத்தாலும் அவை முழுசாக மூடுவதில்லையாம். நீ அளந்த தண்ணீர் களிமண் வழியாகப் போகவில்லை, வெடிப்பு வழியாகப் போயிருக்கிறது. உன் எண் பத்து மடங்கு அதிகம். அதை நம்பி எத்தனையோ ஊர்களில் காலடியில் இருந்த நல்ல களிமண்ணை ரொம்பக் கசியும் என்று ஒதுக்கிவிட்டு, தொலைவிலிருந்து லாரியில் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடித்தது உன் எதிர் அறைப் பெண். அவர் கட்டுரை வந்த பிறகுதான் உன் மேற்கோள் ஏறத் தொடங்கியது. நான் எண்களைச் சரிபார்க்கும்போது உன்னுடையது ஏன் இப்படிக் குதிக்கிறது என்று சந்தோஷமாகத்தான் எடுத்துப் படித்தேன். ஒன்றை முடித்து அடுத்ததை எடுத்தால் அதிலும் அதேதான். "ஓவனில் உலர்த்தக் கூடாது, செய்தால் இப்படித்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் உன்னைக் காட்டுகிறார்கள். அதற்கு 'ஓவன் பிழை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கண்டுபிடித்த அந்தப் பெண்ணைக் காட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கூட்டத்தில் எழுந்து சொன்னேன்: "சார், மேற்கோள்னா பாராட்டுன்னு அர்த்தமில்ல. ஒருத்தர் தப்புன்னு சொல்றதுக்கும் அவர் பேரைத்தான் போட்டாகணும். சூத்திரத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திட்றானோ புகழ்றானோ, பேரு அடிபடுதில்ல? அது போதும்மா. அண்ணனுக்குப் பரிஞ்சு பேசற தங்கச்சிங்களைப் பாத்திருக்கேன், கால வார்ற தங்கச்சிய இப்பத்தான் பாக்கறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன், அண்ணா. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. வசவையும் புகழையும் ஒரே தட்டில் போட்டு நிறுக்கிற தராசை நான்தான் செய்து கொடுத்தேன், அது அப்படி நிறுக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

தங்கை

*

மார்ச் 27

தங்கைக்கு,

உன் கடிதம் வந்தபோது அறையில் பிளேடு இருந்தான். என் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். கையைப் பிடித்து உலுக்கி, "எங்களுக்கெல்லாம் நீங்கதான் சார் வழிகாட்டி" என்றான். அவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்தும் கையை எடுக்க மனம் வரவில்லை. அவன் போனதும் உன் உறையைப் பிரித்தேன்.

நீ சொன்ன கட்டுரைகளை எடுத்துப் படித்தேன். பத்தோடு நிற்கவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை என்பதுதான் தாங்கவில்லை. "முன்னோடியான இந்த அளவீடு, துரதிர்ஷ்டவசமாக..." என்று தொடங்குகிறார்கள். செத்தவனைப் பற்றிப் பேசுவது போல மரியாதையாக. ஒருவர் என் வரைபடத்தையே எடுத்துப் போட்டு அடியில் "செய்யக்கூடாதது" என்று எழுதியிருக்கிறார், பாடப்புத்தகத்தில்.

உன்னிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது. தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் அந்த எண் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஒன்று கூடியிருந்தால் அன்றைக்கு உன் அண்ணியிடம் எரிந்து விழமாட்டேன். அவளே கண்டுபிடித்து, "இன்னிக்கு என்ன, எவனாவது ஒங்களப் பத்தி எழுதிட்டானா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள். எழுதியவன் என்ன எழுதினான் என்று ஒரு நாளாவது திறந்து பார்க்கவில்லை. எண்ணை வைத்து மனிதனை அளப்பவர்களை இத்தனை வருஷம் ஏசினேன், ஆனால் என்னை நான் வேறு எதை வைத்தும் அளந்துகொள்ளவில்லை. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னை 'ஓவன்' என்பார்கள். என் கோபத்தைச் சொல்கிறார்கள் என்று நினைத்து உள்ளூரப் பெருமைப்பட்டிருக்கிறேன். முதலாம் ஆண்டுப் பையனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

நேற்று மாலையில் எதிர் அறைக்காரி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"வாழ்த்துகள் சார்."

"உக்காருங்க. உங்க கட்டுரையப் படிச்சேன்."

"எதை சார்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

உட்காரவில்லை. புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "வெளிவந்த அன்னிக்கே ஒரு பிரதிய உங்க மேசையில வச்சேன் சார். நீங்க ஒண்ணும் சொல்லல. கோவமா இருக்கீங்கன்னு பயந்துட்டேன். அப்புறம் ஒருநாள் பாத்தா அது மேல டீ டம்ளர் வச்சிருந்தீங்க. வட்டம் வட்டமா கறை. சரி, படிக்கலன்னு நிம்மதியாயிடுச்சு."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கற ஆளா சார்?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. மழை வருமா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். ஜூனுக்கு அப்புறம் என்ன செய்யப்போகிறீர்கள் என்றேன். ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம். "அறைய எப்பக் காலி பண்ணணும்னு முன்னாடியே சொல்லிடுங்க சார். மண்ணையெல்லாம் மெழுகு பூசி ஈரமாவே வச்சிருக்கேன். இன்னும் ரெண்டு வருஷம் வச்சு அளந்தாத்தான் முடிவு தெரியும். வெளிய எடுத்தா ஒரே நாள்ல காஞ்சுடும். எங்க கொட்றதுன்னு மட்டும் பாக்கணும்" என்றாள். அவள் போன பிறகு விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் பதவி வேண்டாம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கொடுத்தால் அடுத்து இருப்பது பிளேடு. அவளுக்கு ஒன்றும் ஆகாது. கணக்கே தப்பு என்று குழுவுக்குத் தெரிய வேண்டும். அதனால் ஒரு பக்கம் டைப் செய்திருக்கிறேன், இதோடு வைத்திருக்கிறேன். முதலிடத்தில் இருப்பவரின் மேற்கோள்களில் பெரும்பாலானவை அவருடைய பிழையைச் சுட்டுபவை, இன்னின்ன கட்டுரைகளில் இன்னின்ன பக்கங்களைப் பார்க்கவும், அந்தப் பிழையைத் திருத்தியவர் கடைசி இடத்தில் இருக்கிறார். அவ்வளவுதான். அடியில் பெயர் இல்லை. போதுமா, சொல்.

அண்ணன்

*

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணா,

உன் தாளைப் படித்தேன். மூன்று தடவை. கணக்குப் போடுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அதில் ஒரு ஓட்டை இல்லை. குழு அதைப் படித்துவிட்டு அந்தப் பக்கங்களைப் புரட்டினாலே போதும். ஒருதடவை உள்ளே படிக்க ஆரம்பித்துவிட்டால் பிளேடு தன்னையே மேற்கோள் காட்டிக்கொண்டதும் தெரிந்துவிடும். அப்புறம் நிற்கப்போவது அந்தப் பெண் ஒருவர்தான். பெயரில்லாமல் வந்தாலும் ஆதாரம் இருந்தால் பரிசீலிக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. நானே எடுத்துவைத்தால் மறுபடி சிரிப்பார்கள், வெளியிலிருந்து வரவேண்டும்.

ஆனால் அண்ணா, யோசித்தாயா? பெயர் இல்லாமல் டைப் செய்த தாள். யார் தலையில் விடியும்? இந்த மாதிரி மொட்டைக் கடிதம் போட்டால் யாருக்கு லாபமோ அவர்தான் போட்டார் என்பார்கள். பதவிக்காக மூத்தவர் மேல் சேற்றை வாரி இறைத்தாள் என்று அந்தப் பெண்ணுக்குப் பெயர் வரும். உள்ளதும் போய்விடும்.

உன் மாப்பிள்ளையிடம் சொன்னேன். தாளை வாங்கி ஒருதடவை படித்தார். பிறகு, "ஒங்க அண்ணன் ஒலகத்துலயே மொத ஆளு. தனக்குத்தானே மொட்டைக் கடுதாசி போட்டுக்கறாரு" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. "போடச் சொல்லு, பேரோட போடச் சொல்லு. யாரும் ஒண்ணும் குறைச்சு நெனைக்கமாட்டாங்க" என்றார்.

பெயரைப் போடு, அண்ணா. இத்தனை வருஷம் யாருக்கும் பயப்படாமல் பேசியவன் நீ.

தங்கை

*

ஏப்ரல் 7

தங்கைக்கு,

மாப்பிள்ளையிடம் சொல், குறைத்து நினைக்கமாட்டார்கள் என்று அவர் சொன்னது தவறு. நினைப்பார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தால் நினைப்பேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி நீ எழுதியதுதான் எனக்கு உறைத்தது. அது என் புத்தியில் படவே இல்லை. என் மானம் போகாமல் உண்மையைச் சொல்ல ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று அகமகிழ்ந்து உட்கார்ந்திருந்தேன், பழி யார் மேல் விழும் என்று பார்க்கவில்லை. வெட்கத்திலும் எனக்கு என்னை மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

டைப் செய்த தாளைக் கிழித்துவிட்டேன். நேற்று முழுக்க உட்கார்ந்து கையால் எழுதினேன். நான்கு பக்கம் வந்தது. எந்தக் கட்டுரையிலும் அச்சாகாததையெல்லாம் எழுதினேன். அந்த ஓவனின் கதவு சரியாக மூடாது, அட்டையை மடித்துச் செருகுவோம். சூடு எவ்வளவு என்று காட்டும் முள் ஒரு பக்கம் இழுக்கும். வெளியே எடுத்த களிமண்ணை மேசையில் வைத்தபோது விரல் நகத்தால் தட்டினால் கூரை ஓடு போலச் சத்தம் வந்தது. எதிர் அறையில் இருக்கிற மண்ணைத் தட்டிப் பார்த்தேன், நேற்றுத்தான். அதில் சத்தமே இல்லை. அமுங்குகிறது. இதையும் எழுதினேன். அவள் கட்டுரை சரி, என்னுடையது தவறு என்று ஒரே வரியில் எழுதினேன். அந்த அறையைக் காலி செய்யச் சொன்னால் அழிவது என்னவென்றும் எழுதினேன். முறையீட்டில் எழுதியது போல உவமை எதுவும் இல்லை.

பிறகு பெயர் போடப் போனேன். முதல் எழுத்தோடு பேனா நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. இரண்டாவது முறையும் அப்படியே. உன் அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கிழித்த தாள்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள். என் பெயரைச் சொல்லி 'இது தவறு' என்று இத்தனை பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத மட்டும் கை வரவில்லை. வராது என்றும் தெரிந்துவிட்டது. தைரியம் வரட்டும் என்று காத்திருந்தால் உங்கள் கூட்டம் முடிந்துவிடும், அவள் மண்ணைக் கொட்டிவிடுவாள்.

ஆனால் யார் எழுதினார் என்று அங்கே யாரும் தேட வேண்டியிருக்காது. எத்தனை முறையீடு, எத்தனை ஆட்சேபம் அனுப்பியிருக்கிறேன்! உங்கள் அலுவலகத்தில் தபால் பிரிக்கிறவர் உறையைப் பார்த்ததுமே, "வந்துட்டாருய்யா" என்று பக்கத்து மேசைக்குக் காட்டுவார். எழுத்தை மாற்றி எழுதவில்லை நான். அந்த ஓவன் கதவைப் பற்றிச் சொல்ல உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான். அவள் மேல் பழி போட யாராலும் முடியாது. கூப்பிட்டுக் கேட்டால் ஆமாம் என்று சொல்வேன். அவ்வளவு தூரம் என்னால் முடியும் என்று நினைக்கிறேன். கேட்காமலே தெரிந்துகொண்டார்கள் என்றால், நடைபாதையில் எதிரே வரும்போது பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளட்டும். நானும் திருப்பிக்கொள்வேன்.

நீ கேட்டது இது இல்லை என்று தெரியும். மன்னித்துக்கொள் என்று எழுதவும் கூச்சமாக இருக்கிறது. உன் மகளும் மருமகனும் ஊரில் இருந்தால் சொல், அடுத்த மாதம் நானும் உன் அண்ணியும் வருகிறோம். சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.

குழுவுக்கான உறையை ஒட்டியாயிற்று. உன் அண்ணி இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தாள்: "பேரு?" வேண்டாம் என்று தலையாட்டினேன். செருப்பைப் போட்டுக்கொண்டுவிட்டேன். தெருமுனைப் பெட்டியில் இரண்டு கடிதத்தையும் போடப்போகிறேன், குழுவுக்கானதைப் பெயரில்லாமல்தான்.